நுனியிலிருந்து தொடங்குங்கள்: வளையும் எலக்ட்ரோடு கதீட்டரை வடிவமைப்பது எப்படி

வளைத்துத் திருப்பக்கூடிய எலக்ட்ரோடு கதீட்டரை, அதாவது நுனியில் மின்முனைகளோடு இதயத்துக்குள் செலுத்தும் மெல்லிய குழாயை, வடிவமைக்கப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கைப்பிடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கணினியில் வரைய அழகாக இருப்பது அதுதான், நாலு பேரிடம் காட்டவும் அதுதான் இருக்கிறது. என்னோடு சேரும் இளம் பொறியாளர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, கைப்பிடியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்பதுதான். இந்தக் கருவி வேலை செய்வது அதன் கடைசி 6 சென்டிமீட்டரில். மீதி ஒரு மீட்டரும் மருத்துவரின் கையசைவை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே இருக்கிறது. ஆகவே அந்த 6 சென்டிமீட்டரை முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி வாருங்கள்.

வேலை என்ன என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தொடைச் சிரை வழியாக நுழையும் இந்தக் குழாய் கீழ்ப் பெருஞ்சிரையில் ஏறி இதயத்தின் வலது மேலறைக்கு வருகிறது. இடது மேலறைக்குப் போக வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரைத் தாண்ட வேண்டும். அங்கே, துடித்துக்கொண்டே இருக்கும் சுவரில், மருத்துவர் நினைத்த இடத்தில் நுனி போய் நிற்க வேண்டும். நின்றபடி மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும். அப்லேஷன் கதீட்டர் என்றால் சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலை மின்னோட்டத்தால் கோளாறான திசுவைச் சுடவும் வேண்டும். 1969-இல் பெஞ்சமின் ஷெர்லாக் குழுவினர் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் ஹிஸ் கற்றையின் மின்னலையைக் கதீட்டரால் பதிவு செய்தார்கள். 1982-இல் மெல்வின் ஷைன்மன் குழுவினர் கதீட்டர் வழியாக அப்லேஷன் செய்ததை வெளியிட்டார்கள். அப்போது பயன்பட்டது நேர்மின்னோட்ட (டிசி) அதிர்ச்சி. ரேடியோ அலை ஆற்றலும் கையால் வளைக்கக்கூடிய நுனியும் சேர்ந்த பிறகுதான் இந்தச் சிகிச்சை உலகெங்கும் பரவியது. நுனியின் வளைவுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கச் சொல்வது அதனால்தான்.

எவ்வளவு வளைய வேண்டும்?

எந்த அறையில், எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். "நல்லா வளையணும்" என்று பதில் வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். 1 மி.மீ. கட்டம் போட்ட தாளை மேசையில் விரித்து, வளைந்த நுனி எந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளில் இரண்டு எண்கள் கிடைக்கும்: தண்டின் (நுனிக்குப் பின்னாலுள்ள நீண்ட பகுதியின்) அச்சிலிருந்து நுனி எவ்வளவு தூரம் விலக வேண்டும், எத்தனை டிகிரி திரும்ப வேண்டும். 60 மி.மீ. நீளமுள்ள நுனிப்பகுதி ஒரே சீராக 180 டிகிரி வளைந்தால் வளைவின் ஆரம் சுமார் 19 மி.மீ. அதையே 40 மி.மீ. நீளத்தில் செய்தால் ஆரம் 13 மி.மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஒன்று பெரிய அறைக்கு, மற்றது இறுக்கமான இடத்துக்கு. சந்தையில் ஒரே கதீட்டர் பல வளைவு அளவுகளில் வருவதற்கும், இரண்டு பக்கமும் வளைவது, இரு பக்கமும் வெவ்வேறு அளவில் வளைவது என்று வகைகள் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

குழாயின் தடிமன் பிரெஞ்ச் அளவில் பேசப்படும். ஒரு பிரெஞ்ச் என்பது மூன்றில் ஒரு மில்லிமீட்டர் விட்டம். பதிவுக்கு மட்டுமான கதீட்டர்கள் பெரும்பாலும் 5 அல்லது 6 பிரெஞ்ச், அப்லேஷனுக்கு 7 அல்லது 8. வளைவதற்கான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காக ஏறும் என்பதை மறக்கவே கூடாது. 5 பிரெஞ்சில் நன்றாக வளைந்த அதே அமைப்பை அதே விகிதத்தில் 7 பிரெஞ்சுக்குப் பெரிதாக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட 4 மடங்காகிவிடும். உள்ளே இன்னும் இரண்டு கம்பிக்கு இடம் வேண்டும் என்பதற்காக விட்டத்தைக் கூட்டும்போது இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒரே தளத்தில் வளைய வைப்பது

இனி சொல்லப்போவதுதான் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. நுனி வளைந்தால் மட்டும் போதாது; ஒவ்வொரு முறையும் அதே தளத்தில் வளைய வேண்டும். எக்ஸ்ரே திரையில் மருத்துவர் பார்ப்பது தட்டையான ஒரு நிழலை. நுனி வளையும்போதே பக்கவாட்டில் திருகிக்கொண்டால், திரையில் வளைவு சரியாகத் தெரியும், நுனியோ வேறெங்கோ போயிருக்கும். மருத்துவர் அந்தக் கருவியை நம்ப மாட்டார். நம்பாத கருவியை யாராக இருந்தாலும் கொஞ்சம் அதிகமாகத்தான் அழுத்துவார்கள்.

இதற்கு நான் விரும்பும் வழி, நுனிப்பகுதியின் நடுவே ஒரு தட்டையான பட்டை ஸ்பிரிங். 1 மி.மீ. அகலமும் 0.15 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான பக்கமாக வளைப்பதோடு ஒப்பிட்டால், விளிம்புப் பக்கமாக வளைப்பதற்கு அது அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம், அதாவது 44 மடங்கு விறைப்பு காட்டும். வளைவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தப் பட்டையே முடிவு செய்துவிடும். ஆனால் தடிமனில் கை வைக்கும்போது கவனம் வேண்டும். பட்டையின் மேற்பரப்பில் ஏற்படும் திரிபு (நீளம் எத்தனை பங்கு மாறுகிறது என்ற அளவு) என்பது தடிமனில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்த எண். 0.15 மி.மீ. பட்டை 12.7 மி.மீ. ஆரத்தில் வளைந்தால் திரிபு 0.6 சதவீதத்தை நெருங்கும். நன்றாகக் கடினமாக்கிய ஸ்பிரிங் எஃகு தாங்கிவிடும். "இன்னும் கொஞ்சம் திடமாக இருக்கட்டும்" என்று 0.25 மி.மீ. போட்டால் அதே வளைவில் திரிபு ஒரு சதவீதத்தைத் தொடும், பட்டை நிமிராமல் கோணலாகவே நின்றுவிடும். இறுக்கமான வளைவு கட்டாயம் என்றால் நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவைக்குப் போங்கள். அது பல மடங்கு திரிபைத் தாங்கித் திரும்பி வரும். ஆனால் வெல்டிங்கிலும் சாலிடரிங்கிலும் நிட்டினால் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டையைச் சுற்றிவரும் குழாய் பெபாக்ஸ் போன்ற மென்மையான பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கின் கடினத்தைச் சொல்லும் டியூரோமீட்டர் அளவில் தண்டு 63டி அல்லது 72டி என்றால் நுனி 35டி அல்லது 40டி பக்கம் இருக்கும். பேரியம் சல்ஃபேட் கலந்தால் எக்ஸ்ரேயில் தெரியும். பெபாக்ஸ் உடல் வெப்பத்தில் இளகும் என்பதால், அறை வெப்பநிலையில் மேசைமேல் அளந்த வளைவை ஒருபோதும் இறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 37 டிகிரி செல்சியஸ் நீரில் மூழ்க வைத்து, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் அளந்து பாருங்கள்.

இழுகம்பியும் அது தொலைக்கும் மில்லிமீட்டர்களும்

கைப்பிடியிலிருந்து நுனிவரை ஓடும் இழுகம்பிதான் வளைவைத் தருகிறது. இருபக்க வளைவென்றால் இரண்டு கம்பிகள். கம்பி நடு அச்சிலிருந்து எவ்வளவு விலகி ஓடுகிறது என்பதுதான் இதில் தலையாய எண். அந்த விலகலை, வளைய வேண்டிய கோணத்தால் பெருக்கினால் கம்பி எவ்வளவு இழுபட வேண்டும் என்பது கிடைக்கும். கோணத்தை மட்டும் ரேடியனில் எடுத்துக்கொள்ளுங்கள் (180 டிகிரி என்பது 3.14 ரேடியன்). விலகல் 0.8 மி.மீ. என்றால் 180 டிகிரிக்கு இழுவை 2.5 மி.மீ. விலகல் 0.3 மி.மீ. என்றால் 1 மி.மீட்டருக்கும் குறைவு. கடைசியில் வருவது கம்பி நடுவுக்கு நெருங்கியிருப்பதால் கைக்கு வேகமாகத் தெரியும், ஆனால் விசை அதிகம் வேண்டும். அதைவிட மோசமான ஒரு விளைவும் உண்டு. கைப்பிடியிலும் குழாயிலும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் தளர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 0.8 மி.மீ. விலகலில் அந்தத் தளர்வு 36 டிகிரி வளைவைச் சாப்பிடும். 0.3 மி.மீ. விலகலில் 95 டிகிரியைச் சாப்பிட்டுவிடும். முடிந்த அளவுக்குக் கம்பியைச் சுவரோரம் கொண்டுபோங்கள்.

அடுத்தது தண்டு சுருங்குவது. கம்பியை இழுக்கும்போது அதே விசையில் தண்டு அழுத்தப்படுகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு சுருங்கினால்கூட 1 மி.மீ. போய்விட்டது, 0.8 மி.மீ. விலகலில் அது 70 டிகிரிக்கும் மேல் இழப்பு. அதோடு, ஒரு பக்கமாக ஓடும் கம்பி தண்டையே அந்தப் பக்கம் வளைக்கப் பார்க்கும். இதற்கு மருந்து, தண்டின் நீளம் முழுவதும் இழுகம்பியை நெருக்கிச் சுற்றிய எஃகுச் சுருள் உறைக்குள் ஓடவிடுவது. சைக்கிள் பிரேக் கம்பி போலத்தான்: உள்ளே கம்பி இழுபடும், வெளியே உறை அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். உறையின் ஒரு முனையைக் கைப்பிடியிலும் மறு முனையைத் தண்டு முடிந்து நுனி தொடங்கும் இடத்திலும் உறுதியாக ஒட்டுங்கள். நடுவில் எங்கும் ஒட்டாதீர்கள். சுருளின் சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் முதல் இழுப்பில் அந்த இடைவெளிதான் மூடும், வளைவு அதற்கப்புறம்தான் வரும். ஆகவே கூட்டி முடிக்கும் முன் சுருளை லேசாக அழுத்தி, சுற்றுகள் ஒன்றையொன்று தொடும்படி வைத்து ஒட்ட வேண்டும்.

உராய்வு தனிக் கதை. வளைந்த பாதையில் ஓடும் கம்பியில் உராய்வு, வளைவுகளின் மொத்தக் கோணத்தைப் பொறுத்து அடுக்கேற்றமாகப் பெருகும். பாதையிலும் நுனியிலும் சேர்த்து 270 டிகிரி வளைவு இருந்தால், உராய்வுக் குணகம் 0.1 ஆக இருக்கும்போது கைப்பிடியில் 1.6 மடங்கு விசை வேண்டும், 0.2 ஆனால் 2.5 மடங்குக்கு மேல். கம்பிக்கும் உறைக்கும் நடுவே பிடிஎஃப்இ (டெஃப்லான்) பூச்சோ குழலோ போடுவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கம்பியை நுனியில் கட்டும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 0.2 மி.மீ. விட்டமுள்ள, கடினமாக இழுக்கப்பட்ட எஃகுக் கம்பி 60 நியூட்டன் அளவுக்குத் தாங்கும். அதையே வெல்டிங் செய்து சூடாக்கினால், வெல்டுக்கு ஒட்டிய பகுதியில் அந்தக் கடினம் கரைந்து, தாங்கும் விசை பாதிக்கும் கீழே போய்விடலாம். இழுகம்பி அறுபட்டு வந்த கதீட்டர்களை நுண்ணோக்கியில் பார்த்தால், நான் பார்த்தவரை பெரும்பாலும் அறுந்திருப்பது வெல்டு அல்ல, அதற்கு அரை மில்லிமீட்டர் பின்னால். சாலிடர் செய்தால் சூடு குறைவு. ஆனால் துருப்பிடிக்காத எஃகில் சாலிடர் ஒட்ட அமிலத்தன்மையுள்ள ஃபிளக்ஸ் (உலோகப் பரப்பைச் சுத்தமாக்கும் பொருள்) வேண்டும். அந்த எச்சத்தை நடுநிலையாக்கிக் கழுவாமல் விட்டால், அலமாரியில் காத்திருக்கும் காலமெல்லாம் அது கம்பியை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும். என் கை எப்போதும் போவது கிரிம்ப் பக்கம்: கம்பியின் முனையில் சிறிய எஃகுக் குழல் ஒன்றைச் செருகி நசுக்கி, அதைக் குறுக்குத் துண்டோடு சேர்த்து, குழாய்ச் சுவரில் பதித்து ஒட்டுவது. சூடே இல்லை.

கம்பியை நுனி எலக்ட்ரோடிலேயே சாலிடர் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து இழுகம்பியும் ஒரு மின்கம்பி என்பதை நினைவில் வையுங்கள். அப்லேஷன் மின்னோட்டம் அதன் வழியே கைப்பிடிவரை வரும். இதயத்தின் மில்லிவோல்ட் அலைகளோடு கண்ட இரைச்சலும் சேரும். அப்படிச் செய்வதானால் கம்பி முழுவதும் காப்புறை வேண்டும், கைப்பிடிக்குள் விரல் தொடும் எந்த உலோகத்தோடும் அது சேரக் கூடாது. நுனி எலக்ட்ரோடு பிரிந்து உள்ளேயே தங்கிவிடாதபடி ஒரு பாதுகாப்புக் கம்பியைத் தனியாகக் கட்டுவதும் நல்ல பழக்கம்.

தண்டு, அப்புறம் அந்த இணைப்பு

தண்டின் வேலை, கையின் திருப்பத்தை நுனியில் திருப்பமாகவே கொடுப்பது. இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே துருப்பிடிக்காத எஃகு இழைகளைப் பின்னிவைப்பது இதற்காகத்தான். பின்னல் இழைகள் அச்சுக்கு 45 டிகிரியை நெருங்கி ஓடும்போது முறுக்கை நன்றாகக் கடத்தும். தண்டின் மேல் மார்க்கரால் நீளவாக்கில் ஒரு கோடு போட்டுவிட்டு, வளைந்த பாதை மாதிரிக்குள் விட்டுத் திருப்பிப் பாருங்கள். கை 90 டிகிரி திரும்பியும் நுனிக்கோடு அசையாமல் இருந்து, திடீரென்று துள்ளித் திரும்பினால், தண்டு முறுக்கைச் சேமித்து வைத்து மொத்தமாக விடுகிறது என்று பொருள். இதயத்துக்குள் அந்தத் துள்ளல் ஆபத்தானது.

திடமான தண்டும் இளகிய நுனியும் சேரும் இடம்தான் இந்தக் கருவியின் மிகப் பலவீனமான புள்ளி. 72டி-யிலிருந்து நேராக 35டி-க்கு இறங்கினால் அந்தக் கோட்டில்தான் குழாய் மடியும். நடுவே 55டி-யில் ஒரு குட்டிப் பகுதியை வையுங்கள். பின்னலின் வெட்டிய முனைகள் விரிந்து பிளாஸ்டிக்கைக் குத்தி வெளியே வராதபடி மெல்லிய பாலிஇமைடு வளையத்தால் அடக்கி, அப்புறம் எஃப்இபி என்ற பிளாஸ்டிக்கால் ஆன, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போட்டுச் சூடாக்கி உருக்கிச் சேருங்கள். பிடிஎஃப்இ உள்ளுறை இருந்தால் அதன் வெளிப்பரப்பை முன்கூட்டியே வேதிமுறையில் சொரசொரப்பாக்கியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் எதுவும் அதில் ஒட்டாது.

எலக்ட்ரோடுகள்

90 சதவீதம் பிளாட்டினம், 10 சதவீதம் இரிடியம்: இந்தக் கலவையை மாற்ற எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. உடலோடு ஒத்துப்போகும், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். நுனியில் 4 மி.மீ. எலக்ட்ரோடு, பின்னால் 1 மி.மீ. அகலத்தில் 3 வளையங்கள், இடைவெளிகள் 2, 5, 2 மி.மீ. என்று ஒரு வழக்கமான அமைப்பை எடுத்தால், முதல் 16 மி.மீட்டரில் 7 மி.மீ. வளையாத உலோகம். மீதியுள்ள 9 மி.மீட்டரில்தான் வளைவெல்லாம் சேரும், வளைய விளிம்புகளில் பசை விரிசல் விடும். ஆகவே வளைவின் பெரும்பகுதி கடைசி வளையத்துக்குப் பின்னால் தொடங்கும்படி பட்டை ஸ்பிரிங்கை அமையுங்கள்.

இடைவெளி குறுகினால் அருகிலுள்ள திசுவின் அலை தெளிவாகவும், தொலைவிலிருந்து வரும் அலை மங்கியும் கிடைக்கும். கீழறையில் அலையின் உயரம் 1.5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் நலிந்த திசு, 0.5-க்குக் கீழே போனால் அடர்ந்த வடு என்று மருத்துவர்கள் வழக்கமாக வகுக்கிறார்கள். அந்த எண்ணை நம்பித்தான் எங்கே சுடுவது என்று தீர்மானிக்கிறார்கள். உங்கள் வளையம் அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் அந்தத் தீர்மானமும் நகரும்.

வளையத்தை மாட்டுவது பொறுமையான வேலை. குழாய்ச் சுவரில் சிறு துளை, அதன் வழியே முடியளவு மெல்லிய செப்புக் கம்பியை வெளியே எடுப்பது, வளையத்தின் உள்பக்கத்தில் வெல்டிங், வளையத்தைத் துளைக்கு மேலே நகர்த்துவது, சுற்றிலும் அழுத்திச் சுருக்குவது, இரண்டு விளிம்பிலும் பாலியூரித்தேன் பசை. விரல் நகத்தை விளிம்பில் ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படக் கூடாது. துளைக்குள் கம்பி இறுக்கமாக நிற்காமல் சற்றுத் தளர்வாக ஒரு வளைவோடு இருக்க வேண்டும். நுனி வளையும்போது அந்தத் தளர்வுதான் கம்பியைக் காப்பாற்றும்.

அப்லேஷன் நுனிக்குள் வெப்பமானி ஒன்று வேண்டும்: தெர்மிஸ்டர், அல்லது செம்பும் கான்ஸ்டன்டனும் சேர்ந்த தெர்மோகப்பிள். திசு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மீளாத சேதம், 100-ஐ நெருங்கினால் உள்ளே நீராவி வெடிப்பு. உப்புநீர் பாயும் நுனியில் நிமிடத்துக்கு 17 முதல் 30 மி.லி. வரை ஓடும், அப்போது வெப்பமானி காட்டுவது திசுவின் வெப்பத்தைவிடக் குறைவு என்பதை மென்பொருள் எழுதுபவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். அந்த நீர்க்குழலை நுனியிலிருந்து வெளி இணைப்புவரை ஒரே துண்டாகக் கொண்டுபோங்கள். கைப்பிடிக்குள் ஒட்டுப்போட்டால் என்றாவது ஒருநாள் உப்புநீர் மின்னிணைப்பில் இறங்கும்.

கைப்பிடி

இப்போது கைப்பிடிக்கு வரலாம். தேவையான இழுவை, தேவையான விசை இரண்டும் ஏற்கெனவே கையில் இருப்பதால் இது சுலபம். முன்னும் பின்னும் தள்ளும் குமிழோ, திருகும் சக்கரமோ, எதுவானாலும் கையுறை போட்ட, ஈரமான ஒரு கட்டைவிரல் திரையைப் பார்த்தபடியே இயக்க முடிய வேண்டும். விட்ட இடத்தில் வளைவு நிற்கும் அளவுக்கு உராய்வு இருக்கட்டும். இழுவைக்கு ஒரு முட்டு வையுங்கள். எவ்வளவு அழுத்தினாலும் கம்பியின் பலத்துக்குப் பாதுகாப்பான தூரத்தில் அது நின்றுவிட வேண்டும். இருபக்க வளைவில் ஒரு கம்பி இழுபடும்போது மற்றது தளர இடம் கொடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அது உள்ளே மடிந்துவிடும்.

சோதனை

ஐஎஸ்ஓ 10555-1 தரநிலைப்படி, 1.85 மி.மீ. அல்லது அதற்கு மேல் வெளிவிட்டமுள்ள கதீட்டரின் ஒவ்வொரு இணைப்பும் குறைந்தது 15 நியூட்டன் இழுவையைத் தாங்க வேண்டும். 7 பிரெஞ்ச் இந்த வகையில் வரும். அதைக் குறைந்தபட்சமாக மட்டும் பாருங்கள். உடலோடு ஒத்துப்போவதற்கு ஐஎஸ்ஓ 10993, இடர் மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971, மின் பாதுகாப்புக்கு ஐஇசி 60601 வரிசை. இவற்றை முதல் வரைபடத்தின்போதே திறந்து வையுங்கள். நுனியைத் தராசில் செங்குத்தாக அழுத்தி, எத்தனை கிராமில் வளைந்துகொடுக்கிறது என்று பாருங்கள். அப்லேஷனின்போது மருத்துவர்கள் பொதுவாக விரும்புவது 10 முதல் 40 கிராமுக்குள். அதற்கு மேல் விறைத்து நிற்கும் நுனி சுவரைத் துளைக்கும் பக்கம் போகிறது. முழு வளைவுக்கு இழுத்து விடுவதை இயந்திரத்தில் மாட்டித் திரும்பத் திரும்பச் செய்து, இடையிடையே அதே கட்டத்தாளில் வளைவைப் படம் பிடியுங்கள். கோணம் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ ஒட்டு நழுவுகிறது.

கிருமி நீக்கத்துக்கு எத்திலீன் ஆக்சைடுதான் பொருத்தம். காமா கதிர் பிடிஎஃப்இ-யைச் சிதைக்கும். கிருமி நீக்கமும் விரைவு முதுமைச் சோதனையும் முடிந்த மாதிரிகளில் இழுவை, முறுக்கு, வளைவு எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். தோற்றுப்போன மாதிரிகளைத் தூக்கி எறியாதீர்கள். எப்பாக்சியில் பதித்து, நீளவாக்கில் அறுத்து, மெருகேற்றி நுண்ணோக்கிக்குக் கீழே வையுங்கள். முதலில் இழுகம்பி கட்டிய இடம், அடுத்து பின்னல் முடியும் இடம், அப்புறம் கடைசி வளையத்தின் பின்விளிம்பு. இந்த வரிசையில் தேடினால் பெரும்பாலும் மூன்றாவதற்குப் போகும் முன்பே காரணம் கிடைத்துவிடும்.